அழுக்கு நின்ற பக்கம்

"பைய வாசல்லயே வச்சிட்டு வாங்க" என்றேன். அந்த டீச்சரம்மாவிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் பெரிய தோல் பை, முழங்கை வரை சாக்பீஸ் தூள். பழைய பேப்பர் கடைக்கு விற்க வருகிறவர்கள் உண்டு, வாங்க வருகிறவர்கள் குறைவு. "கால்குலஸ் புத்தகம் எத்தனை இருந்தாலும் பாக்கணும், வாங்க வரல, பாத்துட்டுப் போயிடுவேன்" என்று ஒருத்தர் வந்து நின்றால் அவரை நான் எப்படி நம்புவது? அவர் முகம் சுளிக்காமல் பையை வைத்துவிட்டு வந்தார். கவிழ்த்துப் போட்ட ஒரு மரப்பெட்டியைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். பழகின ஆள் மாதிரி.

நான் ஆறாவதோடு நிறுத்தியவன். எனக்குத் தெரிந்த படிப்பெல்லாம் பேப்பர் கட்டைப் பார்த்து ஆளை எடை போடுவது. எடை கூட செய்தித்தாள் கட்டின் நடுவில் ஈரச் சாக்கைச் செருகிக்கொண்டு வருவார்கள். நல்ல சட்டை போட்டவர்கள்தான் அதைக் கூச்சமில்லாமல் செய்வார்கள். அதனால் எந்தக் கட்டு வந்தாலும் நான் மேல் தாளைப் பார்ப்பதில்லை, ஓரத்தைப் பார்ப்பேன். ஈரம், கரையான், மண் எல்லாம் ஓரத்தில் தெரிந்துவிடும்.

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் கல்லூரியில் அவர் முதல் வருடத்துக்குக் கணக்கு எடுக்கிறாராம். வருகிற வருடத்துக்கு எந்தப் புத்தகம் வைப்பது என்று அவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் சொல்லாவிட்டால் பழைய புத்தகமே தொடருமாம். அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வருடா வருடம் பாதிப் பிள்ளைகள் அந்த ஒரு பேப்பரில் தேறாமல் போகிறார்கள், அதில் பாதிப் பேர் கல்லூரியை விட்டே போகிறார்கள் என்றார்.

"அதுக்கு எதுக்கும்மா என் கடை? உங்க காலேஜ்ல லைப்ரரி இல்லையா?"

"லைப்ரரி புத்தகத்துல யாரும் எழுத மாட்டாங்க ஐயா. சொந்தப் புத்தகத்துலதான் எழுதுவாங்க, அடிப்பாங்க, எழுதினவரத் திட்டுவாங்க. எனக்கு அதுதான் வேணும்."

நான் நம்பவில்லை. புத்தகக் கம்பெனி அனுப்பிய ஆளாக இருக்கும் என்று நினைத்தேன். மகனைக் கூப்பிட்டு, "டேய், அந்தம்மா மேல ஒரு கண்ணு வச்சுக்கோ" என்றேன்.

"எதுக்குப்பா?"

"தூக்கிட்டுப் போயிட்டா?"

"கிழிச்சு பேப்பர் மில் அரவைக்கு அனுப்பப்போற புத்தகத்தத் தூக்கிட்டுப் போறதுக்கு, ஒரு மணி நேரமா தூசியில தும்மிக்கிட்டு உக்காந்திருக்காங்களா? போப்பா" என்று சொல்லிவிட்டு லோடு இறக்கப் போய்விட்டான்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது முப்பத்தாறு வயது. எங்கள் மூன்று சக்கர லோடு வண்டியை அவன்தான் ஓட்டுகிறான், கடையைத் தாங்குவதும் அவன்தான். எங்கள் வம்சத்திலேயே முதலில் கல்லூரி வாசலை மிதித்தவன். அதே தெருக்கோடிக் கல்லூரிதான். கணக்குப் பேப்பரில் இரண்டு தடவை தேறாமல் போனான், படிப்பை நிறுத்திவிட்டான். அன்று அவனுடைய புத்தகத்தை அவன் கண் முன்னாலேயே அட்டை வேறு தாள் வேறாகப் பிய்த்து எடைக்குப் போட்டேன். "புத்தகத்தத் தொறந்திருந்தாத்தானே தேறுவ" என்று சொன்னேன். அதோடு விட்டேனா? கல்யாண வீடு, சாவு வீடு, அவனுக்குப் பெண் பார்க்கப் போன வீடு என்று எங்கே போனாலும் அதையே சொன்னேன். ஒரு வருடம் ஊர் சுற்றினான், புத்தகத்தைத் திறக்கவே இல்லை என்று. பதினேழு வருடமாக அவன் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசவில்லை. பேசாமல் இருந்ததை நான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

டீச்சரம்மா சனிக்கிழமை தவறாமல் வந்தார். பருவம் முடிந்த சமயம், மூட்டை மூட்டையாகப் புத்தகம் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது சனிக்கிழமை, அவர் பிரித்து வைத்திருந்த தடிப் புத்தகம் முப்பத்தொன்று சேர்ந்திருந்தது. எல்லாம் ஒரே புத்தகம், கல்லூரி வைத்திருப்பது. "ஐயா, இதுங்கள ஒரு ஓரமா அடுக்கித் தர முடியுமா?" என்றார். அலுத்துக்கொண்டே அடுக்கினேன். கை பழக்கத்தில் தையல் பக்கத்தைச் சுவரோடு வைத்து, திறக்கிற பக்கம் என்னைப் பார்க்கிற மாதிரி அடுக்கினேன். அடுக்கிவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தால், வரிக்குதிரை.

ஒவ்வொரு புத்தகத்திலும் மேலே ஒரு தீக்குச்சி கனத்துக்குக் கறுப்பு, அதற்குக் கீழே வெள்ளை வெளேரென்று. அடுத்த புத்தகமும் அப்படியே. முப்பத்தொன்றிலும் கறுப்பு ஒரே கனம்.

"ஈரம் ஏறியிருக்கும்மா" என்றேன். தொட்டுப் பார்த்தேன். ஈரம் இல்லை. புரட்டிப் புரட்டிப் படிந்த விரல் அழுக்கு. தூங்கி விழுந்த தலையின் எண்ணெய்கூட இருக்கும்.

டீச்சரம்மா எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். பிறகு ஒன்றை உருவி, அழுக்கு முடிகிற இடத்தில் விரலை விட்டுத் திறந்தார். நாற்பத்தேழாம் பக்கம். இன்னொன்று. நாற்பத்தேழு. மூன்றாவதில் அந்தப் பக்கத்தை யாரோ பென்சிலால் குத்திக் குத்தி ஓட்டை போட்டிருந்தார்கள்.

"என்னம்மா போட்டிருக்கு அதுல?"

"இதுவரைக்கும் எழுதினவர் நிதானமாத்தான் சொல்லிட்டு வர்றார். இங்க வந்ததும் நாலு படிய ஒரே தாண்டா தாண்டிட்டு, 'இதிலிருந்து எளிதில் காணலாம்'னு எழுதிட்டார்."

எளிது என்று எவனாவது சொன்னால் நான் உடனே சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறவன். அதைச் சொன்னேன். டீச்சரம்மா சிரித்தார். நானும் சிரிக்கப் போனேன். அதற்குள் வெளியே வண்டியிலிருந்து மகன் பேப்பர் கட்டு இறக்குகிற சத்தம் கேட்டது, சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவனுக்கும் அன்று இதே புத்தகம்தான், அதன் ஓரத்தை நான் பார்க்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் கட்டுகளையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், என் வீட்டுப் புத்தகத்தை ஓரம் பார்க்காமல் பிய்த்துப் போட்டேன்.

டீச்சரம்மா வேறு இரண்டு புத்தகங்களையும் பார்த்துவைத்திருந்தார். ஒன்று வழவழப்பான தாளில் கலர் படம் போட்டது. அதன் ஓரம் முழுக்கவே வெள்ளை, படம் பார்த்ததோடு சரி. இன்னொன்று ஒல்லியானது, அழகில்லாதது. "இது ஏன் உங்ககிட்ட ரெண்டுதான் இருக்கு?" என்று கேட்டார். அது எடைக்கு வராதும்மா, வைத்துக்கொள்வார்கள் போல என்றேன். "இல்ல, வாங்கினவங்களே கம்மியா இருக்கலாம்" என்றார். தனக்குப் பிடித்ததைக்கூட அப்படியே நம்பாத ஆள். அந்த இடத்தில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அந்த ஒல்லிப் புத்தகம் இரண்டில் ஒன்று, ஒரு பெரியவர் காலமானபின் வீட்டைக் காலி செய்தவர்கள் போட்டது. கடைசிப் பக்கம் வரை பழுப்பு. உள்ளே இரண்டு கையெழுத்து, ஒன்று பழைய மை, இன்னொன்று பிள்ளைக் கையெழுத்து. டீச்சரம்மா அதை எடுத்துப் போய், அந்தப் பேப்பரில் போன நாலு பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை வந்து, "மூணு பேர் அந்த இடத்தத் தாண்டிட்டாங்க ஐயா. நாலாவது பொண்ணு கேள்வி மேல கேள்வி கேட்டு சண்டைக்கு வர்றா, நல்ல சண்டை" என்றார். பையை அன்று அவராகவே வாசலில் வைக்கப் போனார். "உள்ள கொண்டு வாங்கம்மா" என்றேன்.

கல்லூரியில் கூட்டம் செவ்வாய்க்கிழமை. முப்பத்தொரு புத்தகத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். மாடி அறை, நீள மேசை, நாலைந்து ஆசிரியர்கள், தலைப்பக்கத்தில் துறைத்தலைவர். என் வயது இருக்கும். கடையில் அடுக்கிய மாதிரியே மேசை மேல் அடுக்கினேன். மகன் கடைசிக் கட்டோடு கதவருகே நின்றான்.

டீச்சரம்மா பேசினார். துறைத்தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"நாங்கல்லாம் இதப் படிச்சுத்தாம்மா வந்தோம். புத்தகத்துல ஒரு குறையும் இல்ல. பசங்க தொறந்து பாத்தாத்தானே?"

என் வாயிலிருந்து பிடுங்கிப் பேசியது போல இருந்தது. பதினேழு வருடம் நான் சொன்ன அதே வார்த்தை, நான் சொன்ன அதே அலட்சியத்தோடு. காதால் கேட்கும்போதுதான் அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரிந்தது. டீச்சரம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. நான் பேச வேண்டிய இடம் இல்லை. பேசிவிட்டேன்.

"ஐயா, நான் பழைய பேப்பர்காரன், படிக்காதவன். ஒரு கட்டு ஈரமா வந்தா, கொண்டு வந்தவன் கவனிக்கலன்னு திட்டுவேன். முப்பத்தோரு வீட்டுக் கட்டும் ஒரே அளவுக்கு ஈரமா வந்தா? யாரத் திட்றது? எங்கயோ கூரை ஒழுகுது. பசங்க தொறந்துதான் பாத்திருக்காங்க. இதோ, ஓரத்தப் பாருங்க. அந்த இடம் வரைக்கும் தேய்ச்சிருக்காங்க."

கதவுப் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

துறைத்தலைவர் ஒரு புத்தகத்தை இழுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். உதடு அசைய வாசித்தார். திரும்ப மேலேயிருந்து வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எனக்கு இத என் அண்ணன் சொல்லிக் குடுத்தான்" என்றார், யாரிடமோ சொல்வது போல. "ராத்திரி பூரா உக்காந்து சொல்லிக் குடுத்தான். நான் அத மறந்தே போயிட்டேன்." பிறகு டீச்சரம்மாவைப் பார்த்து, "ஒரு வருஷம் உங்க ஒல்லிப் புத்தகத்த வச்சுப் பாருங்கம்மா" என்றார்.

படி இறங்கும்போது டீச்சரம்மா என்னிடம் நன்றி சொன்னார். நான் சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டார். எனக்கு அந்த வார்த்தை வாயில் வராது. "சனிக்கிழம வாங்க, கணக்குப் புத்தகம் வந்தா அட்டையப் பிய்க்காம எடுத்து வைக்கிறேன்" என்றேன். இன்றுவரை வைக்கிறேன். அவர் வராத வாரமும் வைக்கிறேன்.

அடுத்த லோடு எடுக்கக் கிளம்பிய வண்டியில் மகன் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தேன்.

"உன் புத்தகத்த நான் பிரிச்சே பாக்கலடா" என்றேன்.

அவன் கியரை மாற்றினான். "தெரியும்ப்பா."

மூன்று கடை தாண்டிய பிறகு, "அந்தப் பக்கத்துல அப்படி என்னதாண்டா இருக்கு?" என்று கேட்டேன்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டி நின்றது. பேப்பர் தூசு படிந்த முன்கண்ணாடியில், உள்பக்கமாக, அவன் விரலால் ஒரு வளைவு இழுத்தான். அதன் மேல் இரண்டு புள்ளி வைத்தான்.

"இந்த ரெண்டையும் சேத்து ஒரு கோடு. சரியா? இப்ப இந்தப் புள்ளி அதுகிட்ட நகந்து நகந்து வருது. கோடும் கூடவே சாயுது. கடசில ரெண்டும் ஒண்ணாயிடுச்சுன்னு வை. ஒரே புள்ளிய வச்சுக்கிட்டுக் கோடு எந்தப் பக்கம் போகும்?"

"எனக்கென்னடா தெரியும்?"

"எனக்கும் தெரியல. அதத்தான் கேக்கணும்னு இருந்தேன்."

"கேக்க வேண்டியதுதானே?"

"எளிதுன்னு போட்டிருந்துச்சேப்பா" என்றான். "எப்படிக் கேக்குறது?"

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். "டேய், வண்டிய எடு" என்றேன். "இருப்பா, இன்னும் சேரல" என்றான். அவன் விரல் தூசியை ஒதுக்கிக்கொண்டு வளைவின் மேலேயே மெல்ல இறங்கியது. ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு புதுக் கோடு இழுத்தான். கோடு விழுந்த இடமெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெயிலில் தெரு தெரிந்தது.