ஊக்கு குத்தியும் வலிக்காத விரல்

தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, விரல் நுனியில் குத்திப் பார்ப்பது சுபாஷினிக்கு இருபது நாளாகக் காலை வேலை. பல் துலக்கும் முன்பே குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு செய்வாள். பத்து விரலும் சுருக்கென்று வலித்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பாள்.

அன்றைக்கு வலது கட்டைவிரல் வலிக்கவில்லை.

இன்னொரு முறை குத்தினாள். காய்ந்து தடித்து, செதில் செதிலாய் உரிந்துகொண்டிருந்த தோலுக்குள் ஊக்கு இறங்கியது, அவ்வளவுதான். அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கருவேப்பிலங்குறிச்சியில் அவளுடைய பெரியப்பா கோவிந்தராசுவுக்கு இப்படித்தான் ஆரம்பித்ததாம். கொதிக்கிற சோற்றுக் குண்டானை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு, தோல் வெந்தது தெரியாமல் பேசிக்கொண்டிருந்த மனிதர். அப்புறம் விரல்கள் மடங்கின. தனித் தட்டு, தனிச் சொம்பு, கொட்டகையோரம் தனிக் கட்டில். பிள்ளைகளை யாரும் அவரிடம் அண்ட விடவில்லை. அந்த நோயின் பெயரைச் சுபாஷினி மனசுக்குள்கூடச் சொல்ல மாட்டாள்.

அவளுக்கும் ஒரு பிள்ளை இருந்தது. நாலு வயது வெண்பா. விஷயம் வெளியே தெரிந்தால் பிள்ளையை ஸ்ரீமுஷ்ணத்து மாமியார் வீட்டுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள் என்பதுதான் அவளை அரித்துத் தின்றது. புருஷன் விமல்ராஜிடம் சூட்டுக் கொப்புளம் என்று சொல்லி வைத்திருந்தாள்.

விருத்தாசலம் செராமிக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு ஆறு வருஷமாக வேலை. அச்சில் மண்கூழை ஊற்றி, இறுகியதும் பொம்மையைப் பிரித்தெடுத்து, ஈரப் பஞ்சால் பிசிறு துடைக்க வேண்டும். முதலில் விரலிடுக்கில் பொடிப் பொடியாக நீர்க்கொப்புளம் வந்தது. அரிப்பு உயிரை எடுத்தது. பிறகு வெடிப்பு, அதில் ரத்தம்.

பானை செய்த குடும்பத்துப் பெண் என்ன செய்வாள்? அவர்கள் வீட்டில் பூரான் கடித்தாலும் மண்ணைத்தான் அப்புவார்கள். மண் குளிர்ச்சி. கம்பெனி மண்கூழையே டிபன் பாக்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு கையிலும் அப்பிக் காயவிட்டாள். ஈரமாக இருக்கும்வரை சுகமாக இருந்தது. காய்ந்ததும் தோலைப் பிடித்து இழுத்தது. போதாததற்கு டெட்டால் ஊற்றிய வெந்நீரில் நாளைக்குப் பத்துத் தடவை கையைக் கழுவினாள். கூறு கெட்டவள் என்று திட்டத்தான் தோன்றும். பயந்துபோனவளுக்கு ஏது கூறு?

பிள்ளைக்குச் சோற்றை ஸ்பூனால் ஊட்டினாள். தலை வாரிவிடும் வேலையைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளினாள். ஒருநாள் வெண்பா ஓடி வந்து விரலைப் பிடித்தபோது, முதுகில் பளாரென்று ஒன்று வைத்துவிட்டாள். பிறகு கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள்.

கட்டைவிரல் செத்துவிட்டதென்று நினைத்த அன்று, கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு அரசு ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றாள். கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். தோல் டாக்டரம்மா காட்டச் சொன்னபோது கை வெளியே வரவில்லை, அழுகைதான் வந்தது. பெரியப்பா கதை, ஊக்குக் கதை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

டாக்டரம்மா கண்ணை மூடச் சொன்னார். பஞ்சை எடுத்துக் கை நெடுகத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். தெரியுதுங்க, தெரியுதுங்க என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கட்டைவிரலில், தடிப்புக்குப் பக்கத்தில் பஞ்சு பட்டது. அங்கேயும் தெரிந்தது. முழங்கை நரம்பை அழுத்திப் பார்த்தார். உடம்பில் வெளிறிய தேமல் உண்டா என்றும் தேடினார்.

"நீங்க நெனைக்கிறது இது இல்லம்மா. அதுவாவே இருந்தாலும் இப்ப மாத்திரையில கொணமாயிடும். இது கரப்பான்னு சொல்ற தோல் அரிப்பு. தோலு தடிச்சுப் போனதால ஊக்கு உள்ள எட்டல, அவ்ளோதான். யாருக்கும் ஒட்டாது. புள்ளைய தாராளமா தூக்குங்க."

போன உயிர் திரும்பி வந்தது. கையில் என்ன தடவினீர்கள் என்று கேட்டபோது மண்கூழைச் சொன்னாள். கூழ் அச்சுக்குள் இளகி ஓடுவதற்காகச் சோடாவும் சிலிகேட்டும் கலப்பார்கள் என்பதையும் சொன்னாள். அந்தக் காரம்தான் தோலை இன்னும் அரித்துவிட்டது என்றார் டாக்டரம்மா. மண்ணும் வேண்டாம், டெட்டாலும் வெந்நீரும் வேண்டாம். களிம்பைச் சீட்டில் எழுதியிருக்கிற அத்தனை நாட்களுக்கு மட்டும் போட வேண்டும். கை கழுவிய ஈரம் காய்வதற்குள் ஒவ்வொரு தடவையும் வாசலின் தடவ வேண்டும். வேலையில் பருத்தி உறை மாட்டி, அதன்மேல் ரப்பர் உறை. அசந்தால் திரும்ப வரும் என்றும் எச்சரித்தார்.

வீடு வந்ததும் களிம்பு போட்டுப் புண் ஆறும்வரைகூடக் காத்திருக்க அவளால் முடியவில்லை. வாசலிலேயே மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

"வெண்பா, அம்மாகிட்ட வா."

பிள்ளை வரவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு அம்மா முகத்தையே பார்த்தது.

"நான் தொடலம்மா," என்றது. பிறகு உள்ளே ஓடிப்போய் ஸ்பூனை எடுத்து வந்து, எட்ட நின்று நீட்டியது.