காலுக்கு ரெண்டு ரூபாய்

பழைய நாற்காலி, கட்டில்களைச் செப்பனிட்டுக் கொடுக்கும் நேசையனுக்கு வேலை வரும். விலை சொல்ல வராது. வந்தவர் முகம் வாடினால் ஐந்து ரூபாய் வேலை மூன்றாகிவிடும்.

"விலைய எழுதி வெளியில தொங்க விடுங்க. நீங்க வாயே தொறக்கண்டாம்," என்று மனைவி ஞானபாய் ஒரு பலகையை நீட்டினாள்.

அது தமிழ், மலையாள எல்லைப் போராட்டம் கொதித்த 1954. அவர் ஊரான பாறசாலையில் தமிழில் எழுதினால் ஒரு கூட்டம் முறைக்கும், மலையாளத்தில் எழுதினால் இன்னொரு கூட்டம். நேசையன் படம் வரைந்தார். வளைந்த நாற்காலிக் கால் ஒன்று, பக்கத்தில் 2. மெருகுக் குப்பி ஒன்று, பக்கத்தில் 3. பட்டறை வீட்டுக்குப் பின்னால் இருந்ததால் பலகையைச் சாலையோரம் மாட்டினார்.

மறுநாள் காலை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு மனிதரை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். கூடவே அவர் மனைவி சரோஜம்.

"வைத்தியரே, இவருக்க காலப் பாருங்க. ரெண்டு ரூவாதானே? நெய்யாற்றின்கரை வைத்தியரு அஞ்சு கேக்காரு."

"நான் மரவேலைக்காரனாக்கும். அது நாற்காலிக் கால்."

"முட்டு உண்டு, கெண்டை உண்டு, பாதமும் உண்டு. நாற்காலிக்கு எதுக்குப் பாதம்?"

"அப்போ அந்தக் குப்பி எண்ணெய் இல்லியா?" என்று முனகினார் கணவர் பொன்னப்பன்.

நேசையன் குனிந்து பார்த்தார். பொன்னப்பனின் கணுக்கால் வீங்கியிருந்தது. நாற்காலியின் பின்கால் பிளந்திருந்தது.

"எப்படி விழுந்தீங்க?"

"இதுக்க மேல ஏறிக் கொடி கட்டினேன்."

"எந்தக் கொடி?"

பொன்னப்பன் பயந்துபோனார். "அதுக்குத் தக்க விலை மாறுமா?"

"மாறாது. போட்டது போட்டதுதான்."

"இவ்வளவு தூரம் வந்தோமே, அண்ணே," என்று சரோஜம் முகம் வாடினாள். நேசையனின் வாய் திறந்தது. வாசலில் ஞானபாய் இருமினாள். வாய் மூடிக்கொண்டது.

பொன்னப்பனைப் பாயில் இறக்கிவிட்டு, நாற்காலிக் காலில் பிளந்த இடத்தில் பசை வைத்து, இரு பக்கமும் பட்டை கொடுத்து இறுக்கிக் கட்டினார். அதைப் பார்த்திருந்த பொன்னப்பன் கேட்டார்: "இதேபோல எனக்கும் ஒண்ணு கட்டப்படாதா? வழியில ஆடாம இருக்குமே."

நேசையன் மெல்லிய பட்டைகளைத் துணி சுற்றி வைத்து அவர் காலையும் கட்டினார். சரோஜம் இரண்டு ரூபாயைக் கொடுத்துவிட்டு, "இந்தக் காலுக்கு?" என்றாள்.

"அதுக்கு விலை போடல்ல. வேகம் வைத்தியருட்ட கொண்டு போங்க."

மறுவாரம் அந்த நெய்யாற்றின்கரை வைத்தியரே ஆட்டம் கண்ட கட்டில் ஒன்றை வண்டியில் அனுப்பினார். பொன்னப்பனுக்குக் கட்டுப்போட்ட ஆள்தான் இதையும் பார்க்க வேண்டுமாம். நேசையன் வாய் திறக்கவில்லை. நான்கு கால்களையும் அசைத்துப் பார்த்துவிட்டுப் பலகையைக் காட்டினார். வண்டிக்காரன் மறுபேச்சில்லாமல் எட்டு ரூபாய் கொடுத்தான். அவன் போனதும் நேசையன் ஞானபாயைக் கூப்பிட்டு, நான்கு கட்டில் கால்களையும் அவளும் ஒருமுறை ஆட்டிப் பார்க்கும்படி சொன்னார். எட்டு ரூபாய் கூடிப்போயிற்றோ என்று அவருக்குச் சந்தேகம்.