நைட் ரேட்டு சாறு

காய்கறிக் கடை ருக்கு அக்காவுக்கு நான் தரவேண்டியது ஆயிரத்து அறுநூற்று எண்பது ரூபாய். பன்னிரண்டு நாள், நாளுக்கு ஒரு கிலோ பீட்ரூட். சென்னைக் கப்பல் தாமதமானதால் எங்கள் தீவில், ஷாதிபூர் கடைகளில் கிலோ நூற்று நாற்பது. எல்லாம் கடன். ஃபீனிக்ஸ் பே கப்பல் ஜெட்டித் தொழிலாளர் விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டத்துக்கு முதல் பரிசு இரண்டாயிரம். அதை வாங்கித் தீர்ப்பதாகப் பேச்சு.

"தோத்தா?" என்றாள் அக்கா.

"தோக்க மாட்டேன்."

"உதயசூரியா, உனக்கு வயசு நாப்பத்தஞ்சு. தோத்தா என் கடை மூட்டையெல்லாம் ரெண்டு மாசம் நீதான் தூக்கணும்."

பகல் முழுக்க ஜெட்டியில் மூட்டை தூக்குகிறவனுக்கு மாலையிலும் மூட்டை என்றால் இடுப்பு என்னத்துக்கு ஆகும்? ஜெயித்தே தீரவேண்டும்.

பீட்ரூட் யோசனையைக் கொடுத்தவர் டிக்கெட் கவுண்டர் ரவிச்சந்திரன் சார். "அதுல நைட்ரேட் இருக்கு உதயா. ரத்தக் குழாயை விரிக்குமாம். ஓட்டக்காரங்க குடிக்கிறாங்க. கொஞ்சம் வேகம் கூடலாம்" என்றார்.

நாற்பதுக்கு மேல் எழுத்துப் படித்தவன் நான். காதில் விழுந்ததை நோட்டில் எழுதிக்கொண்டேன்: நைட் ரேட். எங்களுக்குத் தெரியாததா? ராத்திரி கப்பலில் சரக்கு இறக்கினால் கூலி ஒன்றரைப் பங்கு, அதுதான் நைட் ரேட். ஆக, ராத்திரி குடித்தால் வேகமும் ஒன்றரைப் பங்கு. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சொம்பு குடித்துவிட்டுத்தான் படுத்தேன்.

ஓட்டத்தன்று காலை மைதானத்தில் சார் கேட்டார். "எத்தனை மணிக்குக் குடிச்சே?"

"நேத்து ராத்திரி ஒன்பதுக்கு சார். நைட் ரேட்டாச்சே."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட, அது அதுல இருக்கிற உப்போட பேருய்யா! ஓடறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி குடிக்கணும். இந்நேரம் எல்லாம் இறங்கிப் போயிருக்கும்."

இறங்கத்தான் செய்தது. கழிப்பிடத்தில் நின்றபோது பக்கத்தில் வினோத். கிரேன் பக்கம் வேலை, வயசு இருபத்தெட்டு, போன வருஷம் முதல் பரிசு அவனுக்குத்தான். எட்டிப் பார்த்தவன் அலறினான்.

"அரே பாப்ரே! அண்ணே, ரத்தம்!"

பன்னிரண்டு நாளாக எனக்குப் பழகின சிவப்பு அது. பீட்ரூட் சாயம், வேறொன்றுமில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"சத்தம் போடாதடா தம்பி. பத்து நாளா இப்படித்தான். இன்னைக்கு ஒரு ஓட்டம் ஓடிட்டா போதும்."

"பாகல் ஹோ க்யா? பைத்தியமா உங்களுக்கு? நடுவுல விழுந்துட்டீங்கன்னா?"

"விழுந்தா நீ தூக்கிக்கோ."

விசில் ஒலித்தது. எழுபது மீட்டர் வரை அவன்தான் முன்னால். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றேன். தங்கமான பையன், திரும்பிப் பார்த்து நின்றேவிட்டான். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தவனைச் சுற்றிக்கொண்டு ஓடி நாடாவை அறுத்தேன்.

பரிசுக் கவரோடு அக்கா கடைக்குப் போனால், பின்னாலேயே வினோத்.

"அக்கா, இவர்கிட்ட காசு வாங்காதீங்க. மூத்திரத்துல ரத்தமா போகுது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கூட்டிட்டு வந்திருக்கேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். ஒரு பீட்ரூட்டை எடுத்து இரண்டாக வெட்டினாள். சிவந்த கையை அவன் சட்டையில் துடைத்தாள்.

"இந்தா, உனக்கும் ரத்தம். நீயும் ஆட்டோல ஏறு."

வினோத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவன் சொன்ன இந்தி வார்த்தையை எழுத முடியாது.

அக்கா ஆயிரத்து அறுநூற்று எண்பதை எண்ணி எடுத்துக்கொண்டாள். மீதி முன்னூற்று இருபதை வினோத் என் கையிலிருந்து பிடுங்கினான்.

"இது ஆட்டோ வெயிட்டிங் சார்ஜ்!"

தடுக்க எனக்கு ஏது முகம்?

அக்கா பென்சிலை நாக்கில் தொட்டு, கடன் நோட்டில் என் பெயர்மேல் நீளமாக ஒரு கோடு போட்டாள்.