வராந்தாவில் கேட்ட பெயர்

தங்கச்சிமடத்தில் மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. நம்மூர் ஐந்துக்கெல்லாம் ஜெனீவாவில் மதிய இடைவேளை விட்டுவிடுவார்கள் என்று சூஃபியா சொல்லியிருந்தாள். பிரெசில்லா செல்போனைச் சார்ஜரிலிருந்து கழற்றாமல் அதன் பக்கத்திலேயே நின்றாள்.

எதிரே நாற்காலி நுனியில் லூர்துராணி. அவள் புருஷன் மரியசெல்வம் போன வாரம் விசைப்படகோடு பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கிறான். கூடப் போன நான்கு பேரும் அதே கொட்டடியில். மரியசெல்வத்துக்குக் காசநோய். மாத்திரை தின்றதில் சளியில் கிருமி இல்லாமல் போய்விட்டது, இனி யாருக்கும் தொற்றாது. ஆனால் மாத்திரையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நோய் திரும்பும். திரும்பினால் இந்த மாத்திரைக்குக் கட்டுப்படாது.

கடலுக்குப் போகும்போது அந்த ஒரு ராத்திரிக்கு உள்ள மாத்திரையை மட்டும் பீடிக்கட்டுக்குள் சொருகிக்கொண்டு போவான். விடிந்தால் கரை என்ற கணக்கு. படகில் எல்லாருக்கும் ஒரே சோற்றுப்பானை. நோய் தெரிந்தால் அடுத்த தடவை ஏற்றமாட்டார்கள். சிறையிலும் அவன் வாயைத் திறந்திருக்கமாட்டான். அது இரண்டு பெண்களுக்கும் தெரியும்.

வீடு வீடாகப் போய் நோயாளிகளை மாத்திரை விழுங்க வைப்பது பிரெசில்லாவின் சின்ன அமைப்பு. அது சேர்ந்திருக்கும் கூட்டமைப்புக்கு ஜெனீவாவில் நடக்கும் உலக சுகாதாரக் கூட்டத்தில் பேச அனுமதி உண்டு. அரசுகள் எல்லாம் பேசி முடித்த பிறகு, ஒரு நிமிடம். அதற்காகத்தான் கீழக்கரைக்காரி சூஃபியா போயிருந்தாள். கடலில் கைதாகும் மீனவருக்கு மருந்து தடைபடக் கூடாது என்று பிரெசில்லா ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தாள்.

ஒரு நிமிடம் நெத்திலி விலை பேசவே பத்தாதே என்று காலையில் லூர்துராணி சிரித்தாள். இப்போது சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. சூஃபியாதான். பிரெசில்லா ஸ்பீக்கரில் போட்டாள்.

பேசியாயிற்றாம். பல அமைப்புகள் சேர்ந்து எழுதிய அறிக்கை. ஆளுக்கொரு பக்கம் வெட்டியதில் மீனவர் போய், இடம்பெயரும் மக்கள் என்று ஆகிவிட்டதாம். அதையும் ஏதாவது ஒரு நாடு எடுத்துப் பேசினால்தான் தீர்மானத்தில் ஏறும். ஒருவரும் எடுக்கவில்லை.

லூர்துராணி எழுந்தாள். பிரெசில்லா கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். சூஃபியா இன்னும் முடிக்கவில்லை.

"அக்கா, இங்கன காரியம் உள்ள நடக்கல, வராந்தாவுலதான் நடக்குது."

இலங்கையிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் காபி வரிசையில் நிற்கிறார். சூஃபியா போய் நின்று சொல்லிவிட்டாள். அவரும் கேட்டுக்கொண்டார். இப்போதே சிறை டாக்டருக்குப் பேசுவதாகச் சொல்கிறார். இடைவேளை முடிந்தால் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடுவார்.

"பேரு கேக்குறாரு. பேரில்லாம யாருக்குன்னு குடுப்பாக?"

பெயர் பிரெசில்லாவின் நாக்கு நுனியில் நின்றது. நோயாளி சம்மதிக்காமல் பெயரை வெளியே விடுவதில்லை என்பது அவளே வைத்த விதி. அவன் இல்லாத இடத்தில் அவன் மனைவிதான் சொல்ல வேண்டும். அவள் லூர்துராணியைப் பார்த்தாள்.

போனுக்குள் கோப்பைகளின் சத்தம். வரிசை நகர்ந்துவிட்டது, அவர் காபியை வாங்கிவிட்டார் என்றாள் சூஃபியா.

லூர்துராணி போனைத் தன் பக்கம் இழுத்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பொத்தினாள்.

"பேரக் குடுத்தா மாத்திரை மட்டும் அவரு கைக்குப் போகுமாக்கா, இல்ல மத்த நாலு பேரு காதுக்கும் விசயம் போயிருமா?"