டைம் கீப்பர் வீட்டுக் கோடை

"முதல்ல அதைத் துப்பிட்டுப் பேசுங்க!"

"ம்ம்ம்! ம்ம்!"

"என்ன ம்ம்? விடியுறதுக்குள்ள நீங்க போட்ட தும்மல்ல கீழ்வீட்டுக் குழந்தை முழிச்சு அழுவுது. இதுக்குப் பேரு ஆரோக்கியமா?"

கத்தியது டெய்லரம்மா. வாய் நிறைய நல்லெண்ணெயை அடக்கிக்கொண்டு, விரலால் சுவர்க்கடிகாரத்தைக் காட்டியது அவள் கணவர், பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கொப்பளிக்கும் நேரம் முடியாமல் துப்ப மாட்டார். பஸ்ஸை முன்கூட்டியே கிளப்பிவிட்ட பாவம் வந்து சேருமாம். மாடிப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற அக்கம்பக்கத்தாருக்கு ஒரு பக்க நியாயம்தான் கேட்டது.

ஓய்வு பெற்ற கையோடு மயங்கி விழுந்தவர் அவர். ஆயுர்வேத வைத்தியரம்மாதான் தேற்றிவிட்டார். விடியலில் எழு, உடம்புக்கு எண்ணெய் தேய், வெந்நீரில் குளி, பருவத்துக்குத் தக்கபடி சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு என்றார். மனிதர் அட்சரம் பிசகாமல் செய்தார். தொப்பை போன இடம் தெரியவில்லை. முகத்தில் அப்படி ஒரு மினுமினுப்பு.

அவர் எழுவதற்கு முன்னால் எழுந்து எண்ணெயைச் சூடாக்கி, வெந்நீர் போட்டு, இஞ்சி தட்டி வைத்தது யார் என்று மட்டும் அவர் யோசித்ததில்லை. டெய்லரம்மாவும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மனுஷன் மறுபடி விழுந்துவிடக் கூடாதே என்ற பயம். ஆனால் போன வாரம் தூக்கக் கலக்கத்தில் யூனிபார்ம் சட்டைகளுக்கு எல்லாக் கையையும் இடது கையாகவே வெட்டித் தள்ளிவிட்டாள். ஜவுளிக்கடைக்காரர், "இன்னொரு தடவை இப்படின்னா வேற ஆளைப் பாத்துக்கறேம்மா" என்று சொல்லிவிட்டார். வீடு ஓடுவது அவள் தையல் மெஷினால்தான்.

டைம் கீப்பர் ஒருவழியாகத் துப்பினார்.

"ஒண்ணாம் தேதியிலேர்ந்து கோடை. டைம் டேபிள் மாறணும்ல? அதான் பச்சைத் தண்ணி, பழச்சாறு..." மீதியைத் தும்மல் விழுங்கியது.

"ஜன்னலைத் திறந்து பாருங்க. மழை கொட்டுது. வானத்துக்கு உங்க டைம் டேபிளை யாரு அனுப்பி வச்சா?"

குடையைப் பிடித்து வைத்தியரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பழசைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு, புதுசைக் கொஞ்சம் கொஞ்சமா பிடிக்கணும்னு சொன்னேனே சார். ஷிப்ட் மாத்துற மாதிரி ஒரே நாள்ல மாத்திட்டீங்களா?"

டைம் கீப்பரின் கையை விட்டுவிட்டு, என்ன தோன்றியதோ, வைத்தியரம்மா டெய்லரம்மாவின் நாடியைப் பிடித்தார். சிரிப்பு நின்றது.

"எப்பம்மா தூங்குவீங்க?"

"அவர் தூங்கினப்புறம். அப்பத்தானே மெஷின்ல உக்கார முடியும்."

"எழுந்திருக்கறது?"

"அவருக்கு முன்னாடி." இடது கைச் சட்டைகளின் கதையும் சேர்ந்து வெளியே வந்தது.

டைம் கீப்பர் மூக்கைத் துடைப்பதை மறந்தார்.

"இது டபுள் டியூட்டி," என்றார் மெதுவாக. "டிரைவருக்கு இப்படிப் போட்டா டிப்போவுல சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க."

"டிரைவரையா?" என்றார் வைத்தியரம்மா.

"இல்லம்மா. டியூட்டி போட்டவனை."

மறுநாள் காலை மூன்றாம் மாடியில் ஒரே புகை. எண்ணெய்க் கிண்ணத்தை அடுப்பில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். "தீயைப் பாருங்க, மணியைப் பாக்காதீங்க!" என்று போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல். ஆனால் எழுந்திருக்கவில்லை. தையல் மெஷின் மேல் வெயில் விழுந்த பிறகுதான் எழுந்தாள். அப்போது அவள் உள்ளங்காலில் தேய்த்துவிட, ஆறிய எண்ணெயோடு ஒருவர் காத்திருந்தார். அதற்கு மட்டும் அவர் கடிகாரம் பார்க்கவில்லையாம்.

கடை ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. அந்தக் கோடை நிஜமாகவே வந்தபோது இருவரும் ஜவுளிக்கடைக்குப் பக்கத்திலேயே தரைத்தள வீடு பார்த்துக் குடிபோனார்கள். தினமும் தூக்கத்தின் அருமையை எல்லோருக்கும் எடுத்துச் சொன்ன வைத்தியரம்மாவோ, பிறகு ஒரு பேக்கரிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை மாவு பிசைய எழுந்திருப்பது கோழிக்கும் முன்னாலாம்.