பஞ்சுவின் கழுத்து வார்

“தறியை நிறுத்துங்க!”

குடோன் வாசலில் நின்று கத்தினேன். எட்டுத் தறி ஓடும் இடத்தில் என் குரல் என் காதுக்கே எட்டவில்லை. ஆனால் மாமனார் அரங்கசாமி என் வாயசைவைப் படித்துவிட்டார். தறிக்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் படிப்பு உண்டு. கையை விரித்துக் காற்றை அழுத்துவதுபோலக் கீழே இறக்கினார். அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம். பக்கத்துத் தறியில் நின்ற என் வீட்டுக்காரர் ரவிதேஜாவும் பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

கல்யாணத்துக்கு முன் அம்மா சொல்லி அனுப்பிய புத்திமதி ஒன்றே ஒன்றுதான். “எது வேணும்னாலும் கேளு அம்மணி. ஓடற தறியை நிறுத்தச் சொல்லி மட்டும் கேட்டுப்போடாத. அதுலயும் பாவு பிணைச்ச அன்னிக்கு வாயே தொறக்காத.” கருமத்தம்பட்டியில் வீடு வீடாகப் போய்த் தறிக்கு நூல்தார் சுற்றி என்னைப் பட்டம் வாங்க வைத்தவள் அம்மா. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

அன்று இந்த வீட்டில் புதுப் பாவு; தறியில் நீளவாக்கு நூலைப் புதிதாகப் பிணைக்கும் நாள். தேங்காய் உடைத்துத் தறியை ஓட்டிவிட்டால் முதல் துணி இறங்கும்வரை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அந்தப் பாவே விளங்காது என்பது இவர்கள் வழக்கம்.

நான் கேட்டது ஒரு நிமிஷம். எங்கள் நாய் பஞ்சுவைக் காணவில்லை.

பூஜைக்கு ஆட்கள் வருவார்கள், நாயைக் கட்டு என்றார்கள். வேப்பமரத்தடியில் நீளக் கயிற்றில் நான்தான் கட்டினேன். கழுத்தில் இல்லை, நெஞ்சைச் சுற்றி மாட்டும் பெல்ட்டில். குளித்துவிட்டு வந்து பார்த்தால் பெல்ட் மட்டும் மண்ணில் கிடக்கிறது. அதைக் கழற்றிவிட்டு வேறெங்கோ கட்டியது மாமியார் பங்காரம்மாவாகத்தான் இருக்கும்; அவர் தெருவில் பிரசாதம் கொடுக்கப் போய்விட்டார். எங்கோ பஞ்சு ஒரு தரம் குரைத்தது. அடுத்த குரைப்பு பாதியில் நின்றது. எந்தப் பக்கம் என்று அந்த இரைச்சலில் தெரியவில்லை.

அந்த பெல்ட்டை நான் காந்திபுரத்தில் வாங்கி வந்தபோதே மாமியார் சிரித்திருந்தார். “நாய்க்கு ஜாக்கெட்டு எடுத்தாந்திருக்கறா எம்மருமக. பொடவை எப்பக் கண்ணு எடுக்கறே?”

மாமனாருக்கு அவர் செய்த கழுத்துவார்தான் உசத்தி. தறியில் ஊடை நூலோடு ஓடும் நாடாக்கட்டையை அடித்துத் தள்ளும் தோல் வார் பழசானதும், அதில் ஒரு துண்டை வெட்டி, கழற்றி மாட்டக் கொக்கிகூட வைக்காமல், இரண்டு ரிவெட் அடித்துப் பஞ்சுவுக்குப் போட்டிருந்தார்.

“நாடாவ அந்த அடி அடிச்சே அறாத வாரு இது. நாய் இழுத்தா அறும்ங்கறயா?”

“அவசரத்துக்குக் கழட்டோணும்னா என்னங்க பண்றது?”

“அதென்ன நாய்க்கு அவசரம்? காலேஜுக்குப் போகோணுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். ரவிதேஜாவும்.

மோட்டார் ரூம், விறகுக் கொட்டகை என்று ஓடிக் கடைசியில் கொல்லைக்கு வந்தேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துக் குழாயில் சங்கிலி கட்டியிருந்தது. மறுமுனை மதிலைத் தாண்டி விறைப்பாகப் போயிருந்தது. அந்தப் பக்கம் தோட்டத்தில் மயில்கள் மேயும். மயிலைத் துரத்தப் பஞ்சு கல்மேல் ஏறித் தாவியிருக்கிறது. சங்கிலி தரைவரை எட்டவில்லை.

மதிலேறிக் குதித்தேன். பஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது. பின்கால் நகங்கள் சுவரைக் கீறிய இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. முதலில் பாரத்தைத் தூக்க வேண்டும் என்பது தெரியும். அடிவயிற்றைக் கையால் தாங்கி, என் நெஞ்சோடு சேர்த்துச் சுவரில் அழுத்திக்கொண்டேன். சங்கிலி தொய்ந்தது. வார் தொய்யவில்லை. வீங்கிய கழுத்தில் அது புதைந்து கிடந்தது; விரல்நுனிகூட உள்ளே போகவில்லை. கொக்கி இருந்தால் ஒரு கையால் கழற்றியிருப்பேன். இருந்தது இரண்டு ரிவெட்.

விட்டுவிட்டுக் கத்தி எடுக்க ஓடினால் மறுபடி தொங்கும். விடாமல் பிடித்துக்கொண்டு கத்தினேன். மாமா என்றேன், ஏனுங்க என்றேன், கடைசியில் வீட்டுக்காரரைப் பேர் சொல்லியே கூப்பிட்டேன். பதிலுக்குத் தறிதான் அடித்தது. என் கைக்குள் அதன் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. அது மெதுவாவதும் கைக்குத் தெரிந்தது.

அப்போது கரண்ட் போனது.

எட்டுத் தறியும் ஒரே மூச்சில் அடங்கின. ஊரே கேட்கிறமாதிரி என் குரல் தனியாக நின்றது. ரவிதேஜா மதிலேறி வந்தார். இடுப்பில் இருந்த நூல்கத்திரிக்கு அந்தத் தோல் மசியவில்லை. திரும்ப ஓடி அரிவாள் கொண்டுவந்து, கழுத்தில் படாமல் அறுத்து எடுப்பதற்குள் பஞ்சுவின் மூச்சு நின்றிருந்தது.

தரையில் கிடத்தி நாக்கை ஒதுக்கினேன். வாயை மூடிப் பிடித்துக்கொண்டு மூக்கு வழியாக ஊதினேன். நெஞ்சை அழுத்தினேன். மறுபடி ஊதினேன்.

மதிலுக்கு மேலே மாமனாரின் தலை தெரிந்தது. “பாவு போட்ட நாளுல நாய் மூஞ்சில வாய வெக்கறா பாரு! எந்திரி அம்மணி. அது போயிருச்சு.”

“வண்டிச் சாவி குடுங்க மாமா. சோமனூர் டாக்டர்கிட்டப் போயிரலாம்.”

கரண்ட் வந்தது. தலை மறைந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. நான் ஊதிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு என் காற்றுக்கு எழும்பி அப்படியே இறங்கியது. தானாக ஒரு தடவைகூட எழவில்லை. ரவிதேஜா என் தோளைத் தொட்டு, “போதும் லாஸ்யா” என்றார்.

முருங்கை மரத்தடியில் அவரே குழி தோண்டினார். முதல் துணி நல்லபடியாக இறங்கியது என்று ராத்திரி வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

அடுத்த வாரம் மாமியார் ஒரு குட்டி வாங்கி வந்தார். செவலை. “உனக்குத்தான் கண்ணு. அதையே நெனச்சுட்டு உக்காந்திருக்காத.” அவர் மனசு கெட்டதல்ல. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

இன்று காலை மாமனார் வாசலில் உட்கார்ந்து தோல் வாரை அளந்துகொண்டிருந்தார். பழைய வாரில் மிச்சமிருந்த துண்டு. பக்கத்தில் சுத்தியல், இரண்டு ரிவெட். குட்டி அந்த வாரின் நுனியைக் கடித்து விளையாடியது.

“அதைப் போடாதீங்க மாமா.”

“குட்டிக்குத்தானே அம்மணி. கொஞ்சம் லூசாவே அடிச்சுடறேன்.”

முந்தின நாளே கட்டிவைத்த என் துணிப்பை கட்டிலடியில் இருந்தது. எடுத்து வந்தேன். குட்டியைத் தூக்கிக் கையில் அணைத்துக்கொண்டேன்.

மாமியார் பதறி வந்தார். “எங்க கண்ணு? அம்மா ஊட்டுக்கா?”

“போறேனுங்க.”

“போறேன்னு சொல்லக் கூடாது. போயிட்டு வாரேன்னு சொல்லு.”

“போறேனுங்க அத்தை.”

குடோன் வாசலைக் கடக்கும்போது ரவிதேஜா நிமிர்ந்தார். வாயசைவைப் படிக்கத் தெரிந்தவர். அவர் படிப்பதற்கு இந்தத் தடவை என்னிடம் ஒன்றும் இல்லை.

தெருமுனை திரும்பும் முன் பின்னால் ஒரு தறி நின்றது. இழை அறுந்தாலும் தறி நிற்கும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. குட்டி என் கழுத்தில் மூக்கை வைத்துத் தூங்க ஆரம்பித்திருந்தது. அவினாசி ரோட்டில் பஸ் வரும் சத்தம் கேட்டது.