சேறு காயாத ஜெர்சிகள்

தோற்றுப் போனால் எல்லார் ஜெர்சியையும் கோல்கீப்பர்தான் துவைக்க வேண்டும். அந்தக் காலேஜ் ஃபுட்பால் டீமில் எந்தப் புண்ணியவானோ போட்டுவிட்டுப் போன சட்டம் அது. இந்த சீசனில் முன்வரிசையில் ஆடிய பெரிய மனுஷர்கள் ஒரு கோல்கூடப் போடவில்லை. துவைத்துத் துவைத்துக் கீப்பரின் விரல் இடுக்கெல்லாம் சோப்பில் வெந்து கிடந்தது.

கடைசி மேட்சில் கேப்டன் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் ஒரு பாஸ் கொடுத்தான். பந்து நேராகத் தங்கள் கோலுக்குள்ளேயே போய் விழுந்தது. அந்த ஒரே கோலில் தோற்றார்கள். அதற்கப்புறமும் அவன் கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் சேறு சொட்டும் மூட்டையைக் கீப்பரின் காலடியில் வீசினான்.

"சட்டம்னா சட்டம்தான் மச்சான். நாளைக்கு குரூப் போட்டோ, பளிச்சுன்னு இருக்கணும்."

நடந்ததைக் கண்ணால் பார்த்த மற்றவர்களும் ஈயென்று இளித்தார்கள்.  கீப்பர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான்.

மறுநாள் பிரின்சிபால் வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் கீப்பர் மூட்டையை அவிழ்த்தான். சேறுகூடக் காயாத ஜெர்சிகள் குப்பென்று நாறின. அவன் போட்டிருந்த ஜெர்சி மட்டும் சலவைக்குப் போய் வந்தது மாதிரி இருந்தது.

"ஏன்டா துவைக்கல?" என்று கோச் கத்தினார்.

கீப்பர் கேப்டனை நோக்கிக் கையை நீட்டினான்.

"இந்த சீசன்ல நம்ம டீம் போட்ட ஒரே கோல் இவன் போட்டதுதான் சார். இவனே துவைக்கட்டும்."